பழைய வண்டிக்கு எந்தப் பாகம்? வாகன நிறுவனங்களின் உதிரிபாகப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவை நடத்தினாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். புதிய மாடல்களைப் பற்றியோ விற்பனையைப் பற்றியோ இதில் எதுவும் இல்லை. உத்தரவாதக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆன வண்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பழுதின்போதும் கம்பெனி பாகம் போடுவதா, வெளிப் பாகம் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்னைப் போன்றவர்களின் விஷயம் இது.

நீங்கள் எங்களுக்குத் தரும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: அசல் பாகத்தையே வாங்குங்கள். ஷோரூமிலிருந்து நேற்று வெளியே வந்த வண்டிக்கும் அதையே சொல்கிறீர்கள், இருபது வயது வண்டிக்கும் அதையே சொல்கிறீர்கள். ஏர்பேக்குக்கும் அதுதான், வைப்பர் பிளேடுக்கும் அதுதான். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையை நீட்டும் வைத்தியரை எத்தனை நாள் நம்புவது? அசல் பாகம் மோசம் என்று வாதாட நான் வரவில்லை. எந்த இடத்தில் அது அவசியம், எந்த இடத்தில் வேண்டாம் என்று நாங்களே தீர்மானிப்பதற்கு வேண்டிய விவரங்கள் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றை நீங்கள் வெளியே விடுவதில்லை. என் குறை அதுதான்.

முதலில், பாகங்களை யார் செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு காரில் இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை அதன் முகப்பில் சின்னம் பதித்த நிறுவனத்தின் ஆலையில் பிறந்தவை அல்ல. உடற்கூட்டையும் இன்ஜின் பிளாக்கையும் நீங்கள் செய்வீர்கள். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பாஷிடமிருந்தோ டென்ஸோவிடமிருந்தோ வரும். பிஸ்டனும் ஃபில்டரும் மாலே நிறுவனத்துடையதாக இருக்கலாம். கிளட்ச் வாலியோ அல்லது ஐசினுடையது, ஷாக் அப்சார்பர் கேஒய்பியுடையது, ஸ்பார்க் பிளக் என்ஜிகேயுடையது. இதே நிறுவனங்கள் அதே பாகத்தைத் தங்கள் சொந்தப் பெயரிட்ட பெட்டியிலும் வெளிச்சந்தையில் விற்கின்றன. சில பாகங்களில் உங்கள் சின்னம் இருந்த இடத்தைச் சாணை பிடித்து அழித்த தடம்கூட அப்படியே இருக்கும். மெக்கானிக்குகளுக்கு இது பழைய செய்தி. வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

உங்கள் பெட்டிக்கு விலை கூடுதலாக இருப்பதற்கு நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த எண்ணைச் சொன்னால் அந்த வண்டிக்குப் பொருந்தும் பாகம் வரும் என்ற உறுதிக்கு ஒரு மதிப்பு உண்டு. வெளிச்சந்தையின் பொருத்தப் பட்டியல்களில் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஸ்பார்க் பிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜிகேயின் எண்ணில் வெப்பத் தர இலக்கம் கூடக்கூட பிளக் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும். பாஷில் இலக்கம் குறையக்குறைய அப்படி. இதை அறியாமல் ஒன்றின் எண்ணை வைத்து மற்றதன் எண்ணை ஊகித்தவர் இன்ஜினைத்தான் சோதனைக்கூடமாக்குகிறார். அந்தத் தலைவலி இல்லாமல் பாகம் தருவதற்கு நீங்கள் கூலி கேட்கலாம்.

ஆனால் அந்த உறுதியும் வண்டி பழையதாகும்போது கரைகிறது. ஒரு மாடலின் உற்பத்தி நின்ற பிறகு, அதன் உதிரிபாகத்துக்கு வேறொரு சப்ளையரைத் தேடிக்கொள்வது உங்கள் தொழிலில் சாதாரணம். வண்டி ஆலையிலிருந்து வந்தபோது உள்ளே இருந்த பேரிங்கும், இன்று உங்கள் கவுன்டரில் அதே எண்ணில் கிடைக்கும் பேரிங்கும் ஒரே கையால் செய்யப்பட்டவை என்பதற்கு எந்த அடையாளமும் பெட்டியில் இல்லை. மறுபக்கமும் சுத்தமில்லை. பேர்பெற்ற வெளி நிறுவனங்கள் சில, தாங்கள் செய்யாத பாகத்தையும் வேறு ஆலையில் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. ஆக, இரண்டு பெட்டிகளில் எதைத் திறந்தாலும் முன்னால் நிற்பது ஒரே கேள்வி. இதைச் செய்தது யார், எப்போது?

ஒரு முறை உங்களில் ஒருவருடைய அதிகாரபூர்வ விற்பனையகத்தில் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கான ரப்பர் கிட் கேட்டேன். வந்த கிட்டின் ரப்பர் கப்பை விரலால் மடக்கிப் பார்த்தால் விளிம்பில் மெல்லிய கீறல்கள். எந்த ஆண்டில் செய்தது என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "கம்பெனி பாகம் சார், அதற்குத் தேதி கிடையாது." அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு நீங்கள் கொடுத்த தகவல் அவ்வளவுதான்.

தேதி இல்லாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உலோகம் அலமாரியில் காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. இன்ஜினின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், ஆயில் சீல், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் ஓடாமலே வயதாகிறவை. அதனால்தான் உங்கள் கையேடுகளே டைமிங் பெல்ட்டை இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கின்றன. அந்த ஆண்டுக் கணக்கு பெல்ட்டை இன்ஜினில் மாட்டிய நாளில் தொடங்குகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆலையை விட்டு வந்து எவ்வளவு காலம் கிடங்கில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் மேலே ஏறி வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். ஒரு பெல்ட் போனதற்கு முழு சிலிண்டர் ஹெட்டையும் கழற்ற வேண்டி வரும்.

டயர் செய்கிறவர்கள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2000 முதல் இந்த நான்கு இலக்க முறை இருக்கிறது. வாங்குகிறவர் குனிந்து பார்த்தால் போதும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நல்ல பெல்ட் நிறுவனங்கள் சிலவும் தங்கள் பெல்ட்டில் தேதிக் குறியீடு அச்சிடுகின்றன. ரப்பர் இருக்கும் எல்லாப் பாகங்களின் பெட்டியிலும், எவரும் படிக்கக்கூடிய விதத்தில் மாதமும் ஆண்டும் போடுவதற்கு உங்களுக்கு என்ன தடை?

ரப்பரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே அசலாக இருப்பதே குறையாகிவிடுகிறது. பழைய வண்டிகளின் எரிபொருள் ஹோஸ்களும் கார்புரேட்டர் சீல்களும் எத்தனால் கலக்காத பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. இன்று பல நாடுகளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறது. பழைய வகை ரப்பரை அது ஊதவைக்கும், பிறகு அதில் வெடிப்பு விழவைக்கும். பழைய வரைபடத்தின்படி இம்மி பிசகாமல் செய்த பாகம் இன்றைய எரிபொருளில் சீக்கிரம் கெடும். எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பரில் செய்த வெளிப் பாகம் அதே இடத்தில் நின்று உழைக்கும். இந்த இடத்தில் உங்கள் அறிவுரையைக் கேட்பவர் இன்ஜின் அறையில் பெட்ரோல் கசிய வழி தேடிக்கொள்கிறார்.

வெளியார் உங்களைவிட நன்றாகச் செய்த பாகங்கள் உண்டு என்பதை உங்கள் பொறியாளர்கள் மறுக்கமாட்டார்கள். 1990களின் பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் சிலவற்றில் வாட்டர் பம்பின் உள்சக்கரம் பிளாஸ்டிக்கில் இருந்தது. வெப்பத்தில் நொறுங்கி, தண்டிலிருந்து கழன்று சுற்றும். பம்ப் ஓடுவதுபோல் இருக்கும், தண்ணீர் ஓடாது. உலோகச் சக்கரம் வைத்த பம்புகளை வெளி நிறுவனங்கள் விற்றன, விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். 1990களின் இறுதியில் வந்த போர்ஷே இன்ஜின்களில் இடைத்தண்டுப் பேரிங் உடைந்து இன்ஜினையே பலிவாங்கியது ஊரறிந்த கதை. பேரிங்கை மட்டும் மாற்றுவதற்கான கிட்டுகளை உருவாக்கியவர்கள் வெளி நிறுவனத்தார்தான். சக்கரத்தைத் திருப்பவும் ஏறியிறங்கவும் விடும் பால் ஜாயின்ட்டையும் பாருங்கள். ஆலையில் சீல் வைத்து அனுப்பியதை மாற்றும்போது, கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் வாய்) வைத்த வெளிப் பாகம் கிடைக்கிறது. ஒழுங்காகக் கிரீஸ் அடிக்கிறவருக்கு அது அதிக நாள் வரும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு பாகத்தை நீங்கள் வடிவமைத்தபோது எடை, அசெம்பிளி வேகம், உத்தரவாதக் காலம் எல்லாம் கணக்கில் இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து அதே பாகத்தைச் செய்ய வருகிறவர் முன்னால் உடைந்த பாகங்கள் குவியலாகக் கிடக்கின்றன. எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டுச் செய்கிறார். அவர் அக்கறையுள்ளவராக இருந்தால் உங்களைவிட நல்ல பாகம் கிடைக்கும். அக்கறையில்லாதவராக இருந்தால் அச்சு அசலாகத் தோற்றத்தை மட்டும் நகலெடுப்பார். அந்த இரண்டு பேரையும் பிரித்தறிய எங்களுக்கு ஒரு பொது அளவுகோல் வேண்டும்.

அப்படிப்பட்ட அளவுகோல் சாத்தியம்தான் என்பதற்கு பிரேக் ஒரு சாட்சி. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 90ஆம் விதி, மாற்று பிரேக் பேடின் திறன் அசல் பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. அந்தச் சோதனையில் தேறிய பேடில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் அனுமதி எண்ணும் இருக்கும். வட அமெரிக்க வழக்கத்தில் பேடின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்றும், இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்றும் சொல்லும். ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஒரு பேடில் முதல் எழுத்து ஜி, இரண்டாவது ஈ என்றிருந்தால், தெருவில் நன்றாகப் பிடிக்கும், மலையிறக்கத்தில் சூடேறியதும் கைவிடும் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். சத்தம் போடுமா, டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னுமா, சக்கரமெல்லாம் கரியாக்குமா என்பதை எழுத்துகள் சொல்லாது. ஆனாலும் இருட்டில் கைவிட்டு எடுப்பதைவிட எவ்வளவோ மேல். பிரேக்குக்கு இதை அரசுகளும் தர அமைப்புகளும் முன்னின்று செய்தன. டை ராட், வீல் பேரிங், கன்ட்ரோல் ஆர்ம் போன்றவற்றுக்கு உங்கள் சோதனை வரம்புகளை நீங்களே வெளியிட்டால் வெளி நிறுவனங்கள் அவற்றோடு ஒப்பிட்டுக்காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடும். போலிக்காரர்களுக்கு அந்தத் துணிச்சல் வராது.

எங்கே உங்களிடம் நேராக வந்துவிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சம் என்று நினைத்துவிடக் கூடாது. ஏர்பேக், சீட் பெல்ட் இரண்டிலும் எனக்கு மறுயோசனை கிடையாது. அளந்து சொல்லும் பாகங்களிலும் அப்படித்தான். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரில் ஒரு சூடான கம்பி அல்லது படலம் இருக்கிறது. காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்துத்தான் கணினி பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. மலிவான நகலில் அந்த அளவீடு கொஞ்சம் பிசகினாலும் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்பதில்லை. கணினி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டுச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும், வண்டி வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்கும், ஏனென்று யாருக்கும் பிடிபடாது. கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர், பம்பர் போன்ற பொருத்தம் சார்ந்தவற்றிலும் உங்கள் அச்சில் வந்ததே சரியாக உட்காரும். வெளிப் பம்பரில் மிச்சமான பணத்தை, துளைகளைச் சரிசெய்து பொருத்துகிறவரின் கூலியாகக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

மீதி எல்லாவற்றுக்கும் நான் பார்ப்பது இரண்டு: அந்தப் பாகத்தை அடைய எவ்வளவு கழற்ற வேண்டும், அது கெட்டால் கூடவே எதைக் கெடுக்கும். கிளட்ச் ரிலீஸ் பேரிங் சின்னப் பாகம், ஆனால் கியர்பாக்ஸை இறக்கினால்தான் கைக்கு வரும். அதில் மிச்சம் பிடிப்பது வீண். டைமிங் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்பும் அப்படியே. பெல்ட் மாற்றும்போதே அதையும் நல்லதாக வாங்கி மாட்டிவிட வேண்டும். கேபின் ஃபில்டர், பல்பு, வைப்பர் போன்றவை கெட்டால் அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம், அங்கே எந்தப் பெட்டி என்பது ஒரு பொருட்டே அல்ல. இன்னொரு கணக்கு, நீங்கள் ஒருபோதும் வாய்திறந்து சொல்லாதது: வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பது. இரண்டு மூன்று ஆண்டுகளில் உடைக்கப் போகிற வண்டிக்குப் பத்தாண்டு உழைக்கும் ஷாக் அப்சார்பர் எதற்கு? தரமான ஒரு வெளிப் பாகம் அந்த வண்டியின் மிச்ச வாழ்நாளுக்குப் போதும்.

உங்கள் விளம்பரங்களில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவது, வெளிப் பாகத்தையும் போலியையும் ஒரே மூட்டையில் கட்டுவது. சப்ளையரின் சொந்தப் பெட்டி ஒரு ரகம். உங்களுக்குச் சப்ளை செய்யாத, ஆனால் தன் பெயரைத் தைரியமாகப் போட்டு விற்கும் நிறுவனத்தின் பாகம் இன்னொரு ரகம். போலி என்பது மூன்றாவது, அது உங்கள் பெட்டியைத்தான் நகலெடுக்கிறது. யாரும் கேள்விப்படாத பெயரைப் போலி செய்து என்ன லாபம்? விலை அதிகமான பெட்டியைத் தேடிப் போகிறவர்தான் போலிக்காரரின் வாடிக்கையாளர். அந்தப் போலி ஆயில் ஃபில்டருக்குள் இரண்டு சின்ன வால்வுகள் ஒழுங்காக இருக்காது. ஒன்று, இன்ஜின் நின்றபின் எண்ணெய் வழிந்தோடாமல் பிடித்து வைப்பது. மற்றது, ஃபில்டர் அடைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு மாற்றுவழி திறப்பது. வெளியே பெயின்ட்டும் எழுத்தும் கச்சிதமாக இருக்கும். பிரேக் சிலிண்டரின் போலி ரப்பர் பிரேக் திரவத்துக்கு ஒவ்வாத வகையாக இருந்தால் ஊதிப் பெருத்து, மிதித்த பிரேக் திரும்பாமல் நிற்கும். பெட்டியில் ஹாலோகிராம் ஒட்டுகிறீர்கள், நல்லது. ஆனால் பாகத்தைச் செய்தவரின் பெயர், ஆலை, தொகுதி எண் மூன்றையும் அச்சிட்டு, அந்த எண்ணை உங்கள் இணையதளத்தில் எவரும் சரிபார்க்க வழிசெய்தால், போலிக்காரருக்கு ஹாலோகிராமைவிட அது பெரிய தொல்லை.

எண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால், உங்கள் துறையே வெட்கப்பட வேண்டிய ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் கோபால்ட், அயன் போன்ற சிறிய கார்களில் சாவி சுவிட்ச் போதிய இறுக்கமில்லாமல் இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சாவி ஓடும் நிலையிலிருந்து நழுவிவிடும். இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், விபத்து நேர்ந்தால் ஏர்பேக் விரியாது. 2006இல் அந்தச் சுவிட்சின் உள்பாகத்தை மாற்றி இறுக்கத்தைக் கூட்டினார்கள். பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. பழைய வண்டிகளில் ஏர்பேக் ஏன் விரியவில்லை, புதிய வண்டிகளில் ஏன் அந்தக் கோளாறு இல்லை என்று ஆராய்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் திண்டாடினார்கள், ஏனென்றால் காகிதத்தில் இரண்டும் ஒரே சுவிட்ச். 2014இல்தான் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அந்தக் கதையில் உதிரிபாகப் பிரிவுக்கு உரிய பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. திரும்ப அழைக்கும் பட்டியலில் பிறகு 2008 முதல் 2011 வரையிலான மாடல்களையும் சேர்க்க வேண்டி வந்தது. அந்த வண்டிகள் ஆலையிலிருந்து நல்ல சுவிட்சோடுதான் வந்தவை. ஆனால் பழைய சுவிட்சுகள் உதிரிபாகமாக விற்கப்பட்டிருந்தன. பழுதுபார்க்கும்போது அவற்றில் ஒன்று நல்ல வண்டியில் மாட்டப்பட்டிருக்கலாம், எது எதில் போனது என்று சொல்ல வழியில்லை. அசல் பாகம், அசல் எண்! வெளிச்சந்தை நகலை நினைத்து எங்களைப் பயமுறுத்தும்போது இதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளும் ஆலையிலேயே பொருத்தி வந்த பாகங்கள்தான். உள்ளிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுகள் போகப்போகச் சிதைந்து, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து உலோகச் சில்லுகளைப் பயணி மீது எறிந்தது. ஏர்பேக்கை ஊதி விரியவைக்கும் இன்ஃபிளேட்டர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி திரும்ப அழைக்கப்பட்டன. முதல் சுற்றில் மாற்றிக்கொண்ட சிலருக்கு அதே வகையின் புதிய இன்ஃபிளேட்டரே கிடைத்தது, பிறகு அதையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக வெளிச்சந்தை ஏர்பேக்கை நாடச் சொல்லமாட்டேன். நான் கேட்பது, உள்ளே இருக்கும் பாகத்தை எந்த நிறுவனம் எப்போது செய்தது என்ற விவரம் முதல் நாளிலிருந்தே வண்டிக்காரரின் கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

உத்தரவாதத்தைக் காட்டி மிரட்டுவதைப் பற்றி நீட்டிப் பேசப் போவதில்லை. வெளிப் பாகம் போட்ட ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ரத்து செய்ய முடியாது என்று அமெரிக்காவில் 1975 முதல் சட்டம் இருக்கிறது. எப்படியும் என் வண்டிக்கு உத்தரவாதம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிறது.

கடைசியாக, நீங்கள் தயாரிப்பை நிறுத்திவிடும் பாகங்கள். ஒரு நாள் உங்கள் கணினியில் அந்த எண்ணுக்கு எதிரே "இனி கிடைக்காது" என்று வந்துவிடுகிறது. முன்னறிவிப்பு கிடையாது. அதற்குப் பிறகு எங்களுக்கு எஞ்சுவது பழைய இரும்புக் கடையில் கழற்றிய பாகம், எங்கோ ஒரு கிடங்கில் தூசி படிந்த பாகம், அல்லது வெளியார் செய்த நகல். அப்போதும் அசலையே வாங்கச் சொல்லும் உங்கள் விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

சிலர் மனம்வைத்துச் செய்திருக்கிறார்கள். மஸ்தா 2017இல் தன் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காருக்குப் பாகங்களை மறுபடி செய்யப்போவதாக அறிவித்தது. நிஸ்ஸான் அதே ஆண்டில் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020இல் பழைய சுப்ராக்களுக்கும் பாகங்களை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தன. போர்ஷே, 959 காரின் கிளட்ச் ரிலீஸ் லீவரை உலோகத் தூளிலிருந்து முப்பரிமாண அச்சில் எடுத்துக் கொடுத்தது. பாராட்டுகிறேன். ஆனால் பட்டியலைப் பாருங்கள், அத்தனையும் ரசிகர்கள் கொண்டாடும் வண்டிகள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், லட்சக்கணக்கில் விற்பனையாகி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணக் குடும்பக் காருக்கு யார் அச்சு வார்ப்பார்கள்?

நீங்களே வார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. நிறுத்துவதற்கு ஓராண்டு முன்பாவது பட்டியல் வெளியிடுங்கள், தேவையானவர்கள் வாங்கி வைப்பார்கள். நிறுத்திய பிறகு அந்தப் பாகத்தின் அளவுகளையும் உலோக, ரப்பர் வகை விவரங்களையும் நியாயமான உரிமக் கட்டணத்துக்கு வெளி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுங்கள். நீங்கள் விற்காத பாகத்தில் உங்களுக்குப் போட்டி ஏது? இப்போது நடப்பது என்னவென்றால், ஏற்கெனவே தேய்ந்துபோன பழைய பாகத்தை அளந்து வெளியார் நகல் செய்கிறார்கள், தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது. மின்னணுப் பாகங்களில் நிலைமை இன்னும் மோசம். கட்டுப்பாட்டுக் கணினியை அந்த வண்டியின் அடையாள எண்ணோடு பூட்டிவிடுகிறீர்கள். திருட்டைத் தடுக்க என்கிறீர்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் புதிய கணினி விற்பனையிலேயே இல்லாதபோது, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த நல்ல கணினியைப் பொருத்தவும் வழியில்லாமல் செய்வது, ஓடக்கூடிய வண்டியைக் குப்பைக்கு அனுப்புவதுதான். உரிமை ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்துதரும் வசதியைத் தனியார் பணிமனைகளுக்கும் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது என்பது தெரியும். ரப்பர் பாகங்களின் பெட்டியில் தேதியும், எல்லாப் பெட்டியிலும் செய்தவரின் பெயரும், பாகம் மாறினால் எண்ணும் மாற வேண்டும் என்ற விதியும் முதலில் வரட்டும். மூன்றுக்கும் புதிய ஆலை வேண்டாம், அச்சு மையும் ஒழுங்கும் போதும்.

என் வண்டிக்கு டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்ற வேண்டிய காலம் நெருங்குகிறது. வழக்கம்போல் முதலில் உங்கள் கவுன்டருக்கே வருவேன், இந்தப் பெல்ட்டைச் செய்தது யார், எந்த ஆண்டு என்று கேட்பேன். பதில் பெட்டியிலேயே இருந்தால் உங்களுடையதை வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால், பெயரையும் தேதியையும் பெல்ட்டின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் பெட்டியை எடுத்துக்கொண்டு என் மெக்கானிக்கிடம் போவேன்.

இப்படிக்கு,
பழைய வண்டி ஒன்றின் உரிமையாளர்